கிரகண நிலாவில் தெரிவதெல்லாம் நிலாவில் நடப்பதில்லை

சந்திர கிரகணத்தைப் பற்றிப் பள்ளியில் படித்தது பெரும்பாலானோருக்கு நினைவிருக்கும். சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே கோட்டில் வரும், பூமியின் நிழல் நிலாவில் விழும். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி நிமிர்ந்து பார்த்தால், படத்தில் இல்லாத பல சங்கதிகள் வானத்தில் இருக்கும். கருப்பாக இருக்க வேண்டிய நிழல் சிவப்பாக இருக்கிறது. அந்தச் சிவப்பும் ஒரு மணி நேரம் கண்ணிலேயே படாமல் இருந்துவிட்டுத் திடீரென்று வருகிறது. சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே நீலச் சாயலில் ஒரு பட்டை தெரிகிறது. வழக்கமாகத் தட்டையாக இருக்கும் நிலா உருண்டு திரண்டு அந்தரத்தில் தொங்குகிறது. பக்கத்தில் நிற்பவர் "நல்லா ரத்தச் சிவப்புங்க" என்கிறார். உங்களுக்கோ வெறும் பழுப்புதான் தெரிகிறது. யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். கிரகணத்தில் நாம் காண்பது மூன்று இடங்களில் உருவாகிறது. சில விஷயங்கள் நிலாவின் மேல் விழும் ஒளியிலேயே இருப்பவை. சில நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றிலும் மேகத்திலும் சேர்பவை. மீதி நம் கண்ணும் மூளையும் சேர்த்துக் கொள்பவை. இப்போது கைப்பேசியும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது. எது எங்கே உருவாகிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கும். அதற்கான சின்னச் சின்னச் சோதனைகளையும் ஆங்காங்கே சொல்கிறேன். எதற்கும் காசு செலவில்லை.

தினமும் தெரியும் நிழல்

முதலில் நிழலைப் பார்த்துவிடுவோம். இதற்குக் கிரகணம் வரை காத்திருக்க வேண்டாம். வானம் தெளிவாக இருக்கும் ஒரு மாலை ஏற்காட்டுக்குப் போனால் போதும். எல்லோரும் லேடீஸ் சீட்டில் நின்று சூரியன் மறைவதைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அந்த நேரத்துக்குக் கிழக்கே திறந்திருக்கும் பகோடா பாயிண்ட் பக்கம் போய்விடுங்கள். சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்கு அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டை எழும். அதற்கு மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை இருக்கும். கீழே இருப்பதுதான் பூமியின் நிழல். நம்முடைய காற்றின் மேலேயே அது விழுகிறது. இருபது நிமிடங்களுக்குள் அது மேலே ஏறி, இரவோடு கலந்துவிடும். பௌர்ணமி அன்று நிலா அந்தப் பட்டையை ஒட்டித்தான் உதிக்கும். இதைப் பார்க்காமலே ஏற்காட்டிலிருந்து திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

அந்த நிழல் நம் காற்றோடு நின்றுவிடுவதில்லை. கூம்பு வடிவில் குறுகிக்கொண்டே ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர் தூரம் விண்வெளியில் நீள்கிறது. நிலா இருப்பது சராசரியாக 3,84,000 கிலோமீட்டரில். அந்த இடத்தில் நிழலின் அகலம் நிலாவின் விட்டத்தைவிட இரண்டரை மடங்குக்கும் கொஞ்சம் கூடுதல். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் அது நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது. தப்பாத பௌர்ணமிதான் கிரகணம். சந்திரனை மறைப்பது பூமியின் பெரிய நிழல் என்று ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார்.

நிழலில் இரண்டு பகுதி. சூரியன் முழுவதும் மறைக்கப்படும் நடுப்பகுதி கருநிழல். சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறைக்கப்படும் வெளிப்பகுதி புறநிழல். புறநிழலுக்குள் நிலா நுழைந்ததும் செய்தியில் "கிரகணம் தொடங்கியது" என்பார்கள். மாடியில் நிற்பவருக்கு எதுவுமே தெரியாது. 2023 மே 5 இரவு வந்தது வெறும் புறநிழல் கிரகணம். செய்தியை நம்பி மாடி ஏறியவர்கள் சாதாரணப் பௌர்ணமியைப் பார்த்துவிட்டு இறங்கியிருப்பார்கள். இதில் நம் கண்ணுக்கும் பங்கு உண்டு. வெளிச்சம் மெதுவாகக் குறைந்தால் கண் அதற்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டே போகும், குறைந்ததையே காட்டாது. நிலா கருநிழலை நெருங்கும்போதுதான் ஓர் ஓரத்தில் லேசாகப் புகை படிந்த மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

அப்புறம் கருநிழல் தொடும். எந்தப் பக்கத்திலிருந்து? நிலா தன் பாதையில் கிழக்கு நோக்கி நகர்ந்து நிழலுக்குள் போகிறது. அதனால் அதன் கிழக்கு விளிம்புதான் முதலில் மறையும். சேலம் நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால் நிலா இங்கே ஏறக்குறைய செங்குத்தாக ஏறி இறங்கும். எனவே நிலா கிழக்கு வானில் இருந்தால் நிழல் அடியிலிருந்து ஏறும், மேற்கில் சாய்ந்திருந்தால் உச்சியிலிருந்து இறங்கும். ஐரோப்பிய நாடுகளின் படங்களில் இடது பக்கத்திலிருந்து நிழல் வருவதைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் ஏன் அடியிலிருந்து வருகிறது என்று குழம்ப வேண்டாம்.

நிழலின் விளிம்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மாதாமாதம் பார்க்கும் பிறையில் இரண்டு கொம்புகளும் எப்போதும் வட்டத்தின் எதிரெதிர் முனைகளில் இருக்கும். கிரகணத்தில் அப்படி இல்லை. நிலாவைவிடப் பெரிய ஒரு வட்டம் அதைக் கடித்த வடிவம் அது. பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் இந்த வளைவும் ஒன்று. முதலில் அந்த விளிம்பு கூர்மையாகத் தெரியும். பைனாகுலரில் பார்த்தால் கூர்மை போய்விடும், கோடு எங்கே என்றே சொல்ல முடியாது. ஏனென்றால் பூமிக்குக் கெட்டியான விளிம்பு கிடையாது. அதைச் சுற்றிக் காற்று இருக்கிறது, காற்றின் நிழலுக்குக் கூர்மையான ஓரம் வராது. வெறுங்கண்ணில் கோடாகத் தெரிவது நம் கண் செய்யும் வேலை. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுவது கண்ணின் பழக்கம். 19ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த எர்னஸ்ட் மாக் பெயரில் இப்படித் தோன்றும் கோடுகளை மாக் பட்டைகள் என்கிறார்கள். காற்றின் காரணமாக நிழல், வடிவியல் கணக்கு சொல்வதைவிடச் சுமார் 2 சதவீதம் பெரிதாகவும் இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த தெ லா ஈர் 1702இலேயே இதைக் கவனித்துவிட்டார்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது

முழு மறைப்பின்போது நிலாவில் நின்று பூமியைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பூமி சூரியனை முழுசாக மறைத்திருக்கும். ஆனால் பூமியைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் ஒன்று எரியும். அந்த நொடியில் உலகத்தில் எங்கெல்லாம் சூரியன் உதிக்கிறதோ, எங்கெல்லாம் மறைகிறதோ, அத்தனை இடங்களின் வெளிச்சமும் அந்த வளையத்தில் இருக்கிறது. இது வெறும் கற்பனை இல்லை. 1967 ஏப்ரல் 24 அன்று நிலாவில் இருந்த சர்வேயர் 3 கலம் இந்தக் காட்சியைப் படம் எடுத்தது. 2025 மார்ச் 14 கிரகணத்தின்போது அங்கே இறங்கியிருந்த புளூ கோஸ்ட் கலமும் எடுத்தது.

வளையம் உருவாக இரண்டு காரணங்கள். காற்றின் வழியாகப் போகும் ஒளி வளைகிறது. தரையை ஒட்டி நுழைந்து மறுபுறம் வெளியேறும் கதிர் மொத்தம் ஒரு டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். நிழலின் நடுப்பகுதி வரை ஒளி போய்ச் சேர அதுவே போதும். அவ்வளவு நீளமான காற்றைக் கடக்கும்போது நீல ஒளி வழியெங்கும் சிதறிப்போய், மிச்சமாக ஆரஞ்சும் சிவப்பும் மட்டும் வெளியே வருகின்றன. வீட்டில் செய்து பார்க்கலாம். கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர், அதில் சில சொட்டுப் பால். விளக்கை அணைத்துவிட்டு ஒரு பக்கமாக டார்ச் அடியுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் நீலம் பூத்திருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச்சையே பார்த்தால் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தெரியும். பகல் வானத்தின் நீலமும் கிரகணத்தின் சிவப்பும் அந்த ஒரே டம்ளரில் இருக்கின்றன.

இதிலிருந்து ஒன்று புரியும். ஒவ்வொரு கிரகணத்திலும் ஒரே அளவு சிவப்பு வர வேண்டியதில்லை. அந்த வளையத்தில் எவ்வளவு மேகம், எவ்வளவு தூசி என்பதைப் பொறுத்து நிறம் மாறும். பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை 1991 ஜூனில் வெடித்து, அதன் நுண்துகள்கள் உயரமான காற்றடுக்கில் பரவின. 1992 டிசம்பரில் வந்த முழு கிரகணம், நம் நேரப்படி 10ஆம் தேதி விடியற்காலை, மிகவும் இருண்டதாக இருந்தது. இப்படி வேறுபடும் இருட்டைக் குறித்து வைக்க பிரெஞ்சு வானியலாளர் ஆந்திரே டான்ஜோன் 1921இல் ஓர் அளவுகோல் கொடுத்தார். நிலா கிட்டத்தட்டக் காணாமலே போனால் 0. பழுப்பும் சாம்பலுமாக, மேற்பரப்பின் கறைகள் சிரமப்பட்டால் மட்டுமே தெரியும்படி இருந்தால் 1. நடுவில் கருத்த ஆழ்ந்த துருச் சிவப்பு 2. செங்கல் நிறமும் மஞ்சள் விளிம்பும் 3. பளிச்சென்ற செம்பு நிறமும் நீலச் சாயல் விளிம்பும் 4. கருவி எதுவும் வேண்டாம், கண்ணே போதும். பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கிறீர்களா? ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் ஆளுக்கொரு எண் எழுதச் சொல்லுங்கள். எண்கள் நிச்சயம் ஒத்துப்போகாது, அங்கிருந்துதான் பேச்சு சூடுபிடிக்கும்.

ஏன் ஒத்துப்போகாது என்பதற்கு வருவோம்.

கண் செய்யும் வேலைகள்

முக்கால் நிலா நிழலுக்குள் போன பிறகும் மறைந்த பகுதி சாம்பலாகவோ கருப்பாகவோதான் தெரியும். அந்த நேரத்திலும் அங்கே சிவப்பு இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. மிச்சமிருக்கும் வெள்ளைத் துண்டு, மறைந்த பகுதியைவிடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசம். அதன் கூச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறி, பக்கத்தில் இருக்கும் மங்கலான நிறத்தைக் கழுவிவிடுகிறது. சோதனை: பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, அல்லது ஒரு கட்டடத்தின் மூலை கிடைத்தால் போதும். வெள்ளைத் துண்டு மட்டும் அதன் பின்னால் மறையும்படி நின்று பாருங்கள். மீதிப் பகுதியின் செம்பழுப்பு மெல்லத் தலைகாட்டும். ஆக, சிவப்பு திடீரென்று வருவதில்லை. அதை மறைத்துக்கொண்டிருந்த வெளிச்சம்தான் திடீரென்று போகிறது.

அதே கூச்சத்தால் இன்னொரு மாயமும் உண்டு. மெல்லிய வெள்ளைப் பிறை, தான் ஒட்டியிருக்கும் கருத்த வட்டத்தைவிடப் பெரிய வட்டத்தின் துண்டு என்று தோன்றும். தொப்பி கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. வெளிச்சமானதைக் கண் கொஞ்சம் பருமனாகக் காட்டும், அவ்வளவே.

முழு மறைப்பு வந்ததும் வேறு கதை. நம் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் வேறு, மங்கலில் பார்க்கும் செல்கள் வேறு. வெளிச்சம் மிகவும் குறைந்தால் முதலாவது கூட்டம் ஓய்ந்து, இரண்டாவது கூட்டம் பொறுப்பேற்கும். இதற்கு நிறம் பிரிக்கத் தெரியாது, சிவப்பு ஒளிக்கு ஏறக்குறைய குருடு. இந்த மாற்றத்தை 19ஆம் நூற்றாண்டில் கவனித்துச் சொன்னவர் செக் நாட்டு உடலியல் அறிஞர் பர்கின்யே. கிரகண நிலாவின் வெளிச்சம் பல நேரங்களில் சரியாக இந்த எல்லையில் வந்து நிற்கிறது. அதனால்தான் ஒருவருக்குச் சிவப்பு, இன்னொருவருக்குப் பழுப்பு, கண்ணாடி போட்ட தாத்தாவுக்குச் சாம்பல். பைனாகுலரில் அதிக ஒளி கண்ணுக்குள் வருவதால் நிறம் பார்க்கும் செல்கள் மறுபடி விழித்துக்கொள்ளும், சிவப்பு தெளிவாகும். வெறுங்கண், பைனாகுலர், மறுபடி வெறுங்கண் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். நிறம் ஏறி இறங்கும், நிலாவில் எதுவும் மாறியிருக்காது.

பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது அனுபவசாலிகளின் ஒரு பழைய தந்திரம். நிலா ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கும். அதை வெறுங்கண்ணில் தெரியும் கோள்களோடும் நட்சத்திரங்களோடும் ஒப்பிட்டு, கிரகணம் எவ்வளவு இருண்டது என்று மதிப்பிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது நிலா உருண்டையாகும் காட்சிதான். சாதாரணப் பௌர்ணமி நிலா தட்டுவடை மாதிரித் தட்டையாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு பந்தின் மேல் நேராக விளக்கடித்தால் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கியும் தெரிய வேண்டும். நிலாவின் ஓரம் மங்குவதே இல்லை. அதன் மேற்பரப்புத் தூசி சொரசொரப்பானது, ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் குணம் அதற்கு அதிகம். அதனால் பௌர்ணமியில் நடுவும் ஓரமும் ஏறக்குறைய ஒரே பிரகாசம், மூளையும் 'இது வட்டு' என்று முடிவு செய்கிறது. முழு கிரகணத்தில் நிழலின் நடுவுக்கு அருகே இருக்கும் பக்கம் கருத்தும், விளிம்புக்கு அருகே இருக்கும் பக்கம் வெளுத்தும் இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வெளிச்சம் படிப்படியாகக் குறைவதைப் பார்த்ததும் மூளை அதை ஒரு உருண்டையின் நிழற்சாயல் என்று படித்துவிடுகிறது. சுற்றிலும் நட்சத்திரங்கள் வேறு முளைத்துவிட்டிருக்கும். வானத்தில் ஒட்டவைத்த வட்டு கழன்று, நமக்கும் நட்சத்திரங்களுக்கும் நடுவே மிதக்கும் கல்லாகிவிடும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. நிலா உருண்டை என்பது உண்மை, ஆனால் அதைக் காட்டும் சாயல் உருண்டை வடிவத்தால் வந்ததில்லை, பூமியின் நிழல் போட்டது. தவறான காரணத்தை வைத்து மூளை சரியான முடிவுக்கு வருகிறது.

அந்த நீலப் பட்டை

முழு மறைப்பு தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பும், முடிந்த சில நிமிடங்கள் வரையும், சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு மெல்லிய பட்டை தெரியலாம். இது நிஜமா, கண்ணின் வேலையா?

இரண்டும் கலந்தது. நிழலின் ஓரத்துக்கு வரும் ஒளி, பூமியின் காற்றில் மிக உயரமான அடுக்கைக் கடந்து வருகிறது. அங்கே இருக்கும் ஓசோன் ஆரஞ்சு, சிவப்புப் பகுதியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். தரையை ஒட்டி வரும் ஒளியில் காற்று நீலத்தைச் சிதறடிக்கிறது, உயரத்தில் வரும் ஒளியில் ஓசோன் சிவப்பைக் குறைக்கிறது. எனவே நீலச் சாயல் அங்கே உண்மையாகவே இருக்கிறது, கேமராவிலும் பதிவாகும். அதே நேரம், சிவப்புக்கு அருகில் இருக்கும் எந்த வெள்ளையும் கண்ணுக்கு நீலம் தட்டியே தெரியும். நிழற்படங்களில் அந்தப் பட்டை பெரும்பாலும் அடர்த்தி கூட்டிக் காட்டப்பட்டிருக்கும், அந்த அளவை வெறுங்கண்ணில் எதிர்பார்க்காதீர்கள். பைனாகுலர் இருந்தால் நல்ல வாய்ப்பு. கையை ஊன்றிக்கொள்ளச் சுவர் ஒன்று அவசியம், ஆடினால் எந்தப் பட்டையும் தெரியாது.

ஊர்க்காற்றும் மலைக்காற்றும்

முழு மறைப்பில் நிலா பத்தாயிரம் மடங்கிலிருந்து சில லட்சம் மடங்கு வரை மங்கும். பௌர்ணமி இரவு சில நிமிடங்களில் அமாவாசை இரவாகிவிடும் என்று சொல்லலாம். சேலம் ஊருக்குள் ஐந்து ரோடு பக்கம் நின்றால் இதில் பாதி கிடைக்காது, தெருவிளக்கும் கடை விளக்கும் வானத்தை வெளுப்பாகவே வைத்திருக்கும். ஏற்காட்டில் விளக்கில்லாத இடத்தில் நின்றால் நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாக வெளிவருவது தெரியும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும் என்பதால், மறைப்பு தொடங்கிய பிறகும் நட்சத்திரங்கள் கூடிக்கொண்டே போகும். இதில் ஒரு பங்கு நிலாவுடையது, இன்னொரு பங்கு உங்கள் கண்ணுடையது. நடுவில் கைப்பேசித் திரையைப் பார்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

மலையில் வேறொரு தொல்லை உண்டு: மூடுபனி. மெல்லிய பனிமேகம் நிலாவின் குறுக்கே வந்தால், நிலாவை ஒட்டி வெளிர்நீல ஒளிவட்டமும் அதன் ஓரத்தில் செம்பழுப்பு வளையமும் தோன்றும். மேகத்தின் நீர்த்துளிகளைச் சுற்றி ஒளி வளைந்து விரிவதால் வருவது அது. "அதோ, செவந்துருச்சு!" என்று கூட்டத்தில் முதல் குரல் எழுவது பல நேரம் இந்த வளையத்தைப் பார்த்துத்தான். பிரித்தறிவது சுலபம். கிரகணத்தின் சிவப்பு நிலாவின் வட்டத்துக்குள்ளே இருக்கும். இந்தச் சிவப்பு வட்டத்துக்கு வெளியே இருக்கும், மேகம் நகர நகர மாறும். நீட்டிய கையின் ஒரு சாண் தூரத்தில் நிலாவைச் சுற்றிப் பெரிய வளையம் தெரிந்தால் அது மிக உயரத்தில் இருக்கும் பனிப்படிக மேகத்தால் வருவது, அதன் ஆரம் 22 டிகிரி. அதைப் பகுதி மறைப்பின்போது தொடர்ந்து கவனியுங்கள். நிலா இன்னும் பளிச்சென்று தெரியும்போதே வளையம் மங்கிக் கரைந்துபோகும்.

மேகம் மலைச்சரிவில் வேகமாக ஏறும்போது நிலா எதிர்த்திசையில் ஓடுவதாகத் தோன்றும். பெரியதாக இருப்பது நிற்கிறது, சிறியதாக இருப்பது ஓடுகிறது என்று மூளை எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. காப்பித் தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் ஒரு கிளையோடு நிலாவைச் சேர்த்துப் பாருங்கள், ஓட்டம் நின்றுவிடும்.

அடிவானத்தில் வரும் கிரகணம்

நிலா உதிக்கும்போதே மறைந்த நிலையில் வந்தால் எல்லா விளைவுகளும் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். அடிவானத்தில் நிலா எப்போதுமே பெரிதாகத் தோன்றும் (நீட்டிய கையின் சுண்டுவிரலால் மூடிப் பாருங்கள், எந்த உயரத்திலும் விரலே பெரிது). எப்போதுமே கொஞ்சம் சிவந்தும் இருக்கும், ஏனென்றால் அங்கே அதன் ஒளி தலைக்கு நேர் மேலே இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 40 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அது சேலத்துக் காற்றின் சிவப்பு. நிலா ஏற ஏற விலகிவிடும். கிரகணச் சிவப்பு நிழலோடு நகரும், உயரத்தைப் பற்றிக் கவலைப்படாது.

2018 ஜனவரி 31 மாலை முழு மறைப்பு 6.21க்குத் தொடங்கியது. சேலத்தில் சூரியன் மறைவதும் நிலா உதிப்பதும் ஏறக்குறைய அதே நேரம். இப்படிப்பட்ட மாலையில் கிழக்கைப் பார்த்து நிற்பவருக்கு முதலில் நிலாவே கிடைக்காது. வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும், நிலா மங்கிவிட்டிருக்கும், அடிவானத் தூசி மிச்சத்தையும் விழுங்கிவிடும். கிரகணம் பார்க்க வந்து நிலாவைத் தேடுவது என்பது இந்த வகையில் மட்டும் நடக்கும். வானம் இருள இருளத்தான் ஏற்கெனவே கொஞ்சம் ஏறிவிட்ட நிலா மெதுவாகப் புலப்படும்.

இந்த வகைக் கிரகணத்தில் ஓர் அபூர்வமும் ஒளிந்திருக்கிறது. மூன்றும் ஒரே கோட்டில் இருப்பதால், சூரியனையும் மறைந்த நிலாவையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்றுதான் கணக்கு சொல்லும். ஆனால் காற்று ஒளியை வளைப்பதால் அடிவானத்தில் இருக்கும் சூரியனும் நிலாவும் அரை டிகிரிக்கு மேல் தூக்கித் தெரிகின்றன. கீழே போய்விட்ட இரண்டும் மேலே இருப்பதாகத் தோன்றும் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. மலை இதற்கு உதவும். சமவெளியைவிட 1,200 மீட்டர் உயரத்தில் நின்றால் அடிவானம் ஒரு டிகிரி கீழே இறங்கிவிடும், சூரியன் மறைவது சுமார் நான்கு நிமிடம் தள்ளிப்போகும். சிக்கல் என்னவென்றால், லேடீஸ் சீட்டில் மேற்கு கிடைக்கும், பகோடா பாயிண்டில் கிழக்கு கிடைக்கும், இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி மேடு, ஏறக்குறைய 1,600 மீட்டர், அதற்கு ஏற்ற இடம். அங்கேயும் அடிவானத் தூசி கருணை காட்டினால்தான் உண்டு. சொல்ல எளிது, பார்த்தவர்கள் குறைவு.

கைப்பேசி காட்டுவது

கைப்பேசியில் நிலாவைப் படம் எடுத்தால் பக்கத்திலேயே இன்னொரு குட்டி நிலா விழுந்திருக்கும். பகுதி மறைப்பில் அந்தக் குட்டி தலைகீழ்ப் பிறையாகவும் இருக்கும். வாட்ஸ்அப்பில் 'கிரகணத்தில் தெரிந்த மர்ம ஒளி' என்று சுற்றும் படங்களில் இந்த ரகம் நிறைய. லென்ஸ் கண்ணாடிகளுக்கிடையே ஒளி எதிரொளித்து வரும் போலி அது. கைப்பேசியை லேசாகத் திருப்பினால் நிலாவுக்கு எதிர்ப்பக்கமாக நகரும், அப்போதே தெரிந்துவிடும். தானியங்கி அமைப்பில் எடுத்தால் பகுதி மறைப்பு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். நிலாவின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். முழு மறைப்பில் நேர்மாறு, நீண்ட நேரம் ஒளியை வாங்க வேண்டும். கையில் பிடித்தால் ஆடும், கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து டைமரில் எடுப்பதே வழி. அப்படி எடுத்த படம் கண்ணுக்குத் தெரிந்ததைவிடச் சிவப்பாக இருக்கும். கேமராவுக்கு மங்கலில் நிறம் மறந்துபோகும் வியாதி கிடையாது.

நிலாவின் மேல் நிஜமாகவே ஒரு பொறி பறந்ததும் உண்டு. 2019 ஜனவரி 21 கிரகணத்தின்போது ஒரு விண்கல் நிலாவில் மோதிய மின்னலை உலகின் சில பகுதிகளிலிருந்து பல தொலைநோக்கிகள் பதிவு செய்தன. இந்தியாவில் அப்போது காலை பத்து மணி.

உலக்கை நிற்பதைப் பற்றி யாராவது கேட்பார்கள். அது ஒளியியல் இல்லை. அடி சமமாக இருக்கும் உலக்கை பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளும் நிற்கும். பாட்டி தட்டில் நிறுத்திக் காட்டினால் ரசித்துவிட்டு, மறுநாளும் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். சந்திர கிரகணத்தைப் பார்க்கக் கண்ணாடியோ வடிகட்டியோ எதுவும் தேவையில்லை, பௌர்ணமியைப் பார்ப்பதில் இல்லாத ஆபத்து இதிலும் இல்லை.

2025 செப்டம்பர் 7 இரவு 11.01 முதல் 12.22 வரை முழு மறைப்பு, நிலா நன்றாக உயர்ந்திருந்த நேரம். இதேபோல் சேலத்திலிருந்து ஆரம்பம் முதல் கடைசி வரை பார்க்கக் கூடிய முழு கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவில் வருகிறது. அதற்கு முன்னால் அதே ஆண்டு ஜூலை 6 நள்ளிரவை ஒட்டி ஒரு பகுதி கிரகணம் உண்டு, ஒத்திகைக்கு ஆகும். டிசம்பர் 31 அன்று இரவு 8.40ஐ ஒட்டி நிழல் தொடும். முழு மறைப்பு சுமார் 9.46 முதல் 10.58 வரை. நிலா கிழக்கு வானில் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் நிழல் அடியிலிருந்து வரும். நிழலின் நடுவுக்கு வடக்கே நிலா கடந்து போவதால் அதன் வட விளிம்பு, அதாவது கிழக்கு நோக்கி நிற்பவருக்கு இடது பக்கம், கொஞ்சம் வெளுத்து இருக்க வேண்டும். அன்று புத்தாண்டுக்கு முந்தைய இரவு. ஏற்காட்டில் அறை கிடைப்பது கஷ்டம், இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் நிற்கும். விளக்கும் வேட்டும் இல்லாத மாடி ஒன்றை ஊருக்கு வெளியே இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.